எலிதானே என்பவர்களுக்கு

"எலிதானே? நாயா கடிச்சுது?"

இந்தக் கேள்வியைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கிறார். மருந்துக்கடைக்காரர் கேட்கிறார். பட்டணத்தில் வேலை பார்க்கும் படித்த உறவினரும் போனில் இதையேதான் கேட்கிறார். கேட்கிற எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். கடிபட்டவர் வீணாகப் பயந்துவிடக் கூடாது என்கிற அக்கறைதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நாய் கடித்தால் வெறிநோய் வரும். எலி கடித்தால் வராது. ஆகவே எலிக்கடி ஒரு கடியே இல்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் சரி. மூன்றாவது தவறு. இந்தத் தவறு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

திருவாரூர்ப் பக்கத்துச் சம்பா அறுவடை. தாள் மட்டும் நிற்கிற வயலில் வரப்பை வெட்டி, எலி சேர்த்து வைத்திருக்கும் கதிரை எடுப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். என் சித்தப்பா வளைக்குள் கைவிட்டுக் கதிரை இழுத்தபோது வரப்பெலி ஒன்று ஆள்காட்டி விரலைக் கவ்வியது. உதறினார், விட்டுவிட்டது. இரண்டு புள்ளி, இரண்டு சொட்டு ரத்தம். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினார். மறுநாள் சித்தியின் தொந்தரவு தாங்காமல் மருத்துவமனைக்குப் போனார். "எலிக்கெல்லாம் நாய்க்கடி ஊசி தேவையில்லைங்க, பயப்படாமப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடித்ததுதான் சரியில்லை.

ஒன்பதாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மணிக்கட்டும் முழங்காலும் பிடித்துக்கொண்டன. சிக்குன்குனியாவாக இருக்கும் என்றார்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள். விரலில் இருந்த காயமோ அதற்குள் சுத்தமாக ஆறிப்போயிருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த வயதான மருத்துவர் அவர் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு வாரத்துக்குள்ள எலி, பெருச்சாளி ஏதாச்சும் கடிச்சுதாப்பா?" என்று கேட்டார். "கடிச்சுது டாக்டர், ஆனா அது அப்பவே ஆறிப்போச்சே" என்றார் சித்தி. பென்சிலின் ஊசி தொடங்கியது. சில நாளில் காய்ச்சல் இறங்கியது. மூட்டு வலி போக மட்டும் வாரக்கணக்கு ஆயிற்று.

நாய்க்கடி ஊசி வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தவுடன் எலிக்கடி முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் எலிக்கடி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டுத் திரும்பி வரும்போதே நாம் கவனிக்க வேண்டிய மூன்று வாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

வெறிநோய் விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு முழுதாக ஒப்புக்கொடுத்துவிடுகிறேன். எலி, சுண்டெலி, அணில் போன்ற சிறு கொறிவிலங்குகளிடம் வெறிநோய் மிக மிக அரிது. வெறி பிடித்த நாயோ நரியோ ஒரு எலியைக் கடித்தால், நோய் முற்றி அடுத்தவரைக் கடிக்கிற அளவுக்கு அந்த எலி பெரும்பாலும் உயிரோடு இருக்காது. நம் நாட்டு வழிகாட்டுநெறியும் கொறிவிலங்குக் கடிக்கு இந்தத் தடுப்பூசி அரிதாகவே தேவைப்படும் என்கிறது. வழக்கத்துக்கு மாறான சூழ்நிலை என்றால் நிபுணரைக் கலந்து முடிவு செய்யச் சொல்கிறது. ஆகவே ஊசி வேண்டாம் என்று சொன்ன மருத்துவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எலியைப் பிடித்துப் பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். எலிக்கு அது பொருந்தாது. அடித்த எலியைப் பையில் போட்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதிலும் பயனில்லை. வெறுங்கையால் அதைத் தொட்டதுதான் மிச்சம்.

ஆனால் வெறிநோய் இல்லை என்பது எலியின் வாயில் வேறொன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகுமா? எலியின் மூக்கிலும் தொண்டையிலும் ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் மோனிலிஃபார்மிஸ் என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. அதனால் எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. கொழுகொழுவென்று ஓடுகிற எலியிடமும் அது இருக்கும். "நல்லாத்தான் இருந்துச்சு, நோய்பிடிச்ச எலி மாதிரி தெரியல" என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதலுக்கு இங்கே வேலையே இல்லை. கடித்து மூன்று முதல் பத்து நாளில், சில நேரம் மூன்று வாரம்வரை கழித்துக்கூட, காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் வரும். பிறகு மூட்டு வலி, கைகால்களில் தடிப்பு. ஸ்பைரில்லம் மைனஸ் என்ற இன்னொரு நுண்ணுயிரும் உண்டு. ஆசியாவில் அதிகம் பேசப்படுவது இதுதான். இது ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை காத்திருக்கும். ஆறிய காயத்தையே திரும்ப வீங்கவைத்துப் புண்ணாக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். காய்ச்சல் வந்து போய், வந்து போய் வதைக்கும். சிகிச்சையில்லாமல் விட்டால் எலிக்கடிக் காய்ச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சிலருக்கு இதயத்தின் வால்வுவரை போய்விடும். இத்தனைக்கும் சிகிச்சை என்னவென்றால், பழைய, மலிவான பென்சிலின்.

இது ஏதோ மேல்நாட்டு ஆய்வகத்தில் புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்ன பயம் அல்ல. சுசுருத சங்கிதையின் கல்பஸ்தானத்தில் எலி நஞ்சுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. பதினெட்டு வகை எலிகளை அது பெயர் சொல்லி எண்ணுகிறது. கட்டி, தடிப்பு, காய்ச்சல், மூட்டு நோவு எல்லாவற்றையும் எழுதுகிறது. முழுதாக நீக்காத எலி நஞ்சு மேகம் மூடிய நாட்களில் மறுபடி சீறும் என்றும் சொல்கிறது. அந்த விளக்கத்தை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஆறிப்போனது போலிருந்து திரும்பி வருகிற நோய் இது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானியர்கள் இதை ‘சொடோக்கு’ என்றார்கள்; எலி நஞ்சு என்றுதான் அதற்கும் பொருள். கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், பிற்பாடு பம்பாயில் மருத்துவராக இருந்தபோது, 1880களில் எலியின் ரத்தத்தில் இப்படியொரு சுருள் கிருமியைப் பார்த்து எழுதிவைத்தார். இந்த மண்ணில் இவ்வளவு காலம் தெரிந்திருந்த ஒன்றை நாம் ‘எலிதானே’ என்று தள்ளிவிடக் கற்றுக்கொண்டிருக்கிறோம். எங்கள் பாட்டிமார் எலிக்கடியை விஷக்கடி என்று சொல்லிப் பத்தியம் வைத்தார்கள். வேப்பிலை அடித்ததும் மந்திரித்ததும் கிருமியை ஒன்றும் செய்திருக்காது. ஆனாலும் கடிபட்டவனை மாதக்கணக்கில் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மூடநம்பிக்கை என்று மந்திரிப்பை விட்டோம், நல்லதுதான். கூடவே அந்தக் கவனிப்பையும் விட்டுவிட்டோம்.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘எலிக்காய்ச்சல்’ என்று நாம் சொல்வது லெப்டோஸ்பைரோசிஸ். அது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நிற்கிறவருக்குக் கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக வருவது. கடியால் வருவது மிக அரிது. கடியால் வருவது எலிக்கடிக் காய்ச்சல். இரண்டும் வேறு வேறு நோய். பெயர் ஒன்றுபோல் இருப்பதால், "எலிக்காய்ச்சல் டெஸ்ட் எடுத்தாச்சு, இல்லன்னு வந்திருச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை இந்த நோயைத் தேடுவதே இல்லை. எலிக்கடிக் காய்ச்சலின் கிருமிகளை வழக்கமான ரத்த வளர்ப்புச் சோதனையில் பிடிப்பதும் கடினம். ஒன்று, பாட்டிலில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் பொருளாலேயே முடங்கிப்போகும். மற்றதைச் செயற்கையாக வளர்க்கவே முடிந்ததில்லை. அப்படியென்றால் மருத்துவருக்குக் கிடைக்கும் பெரிய துப்பு நம் வாயிலிருந்து வரும் "எலி கடிச்சுது" என்ற சொல்தான். அதைக் கடியே இல்லை என்று ஒதுக்கிவிட்டவர், காய்ச்சலோடு போய் உட்காரும்போது சொல்வாரா? மாட்டார். என் சித்தப்பா சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரே நிற்பவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கடியானாலும் நாய்க்கடி ஊசியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பவர்கள். ஜாக்கிரதைக்காரர்கள் போலத் தெரிந்தாலும், அவர்களும் அதே அளவுகோலைத்தான் வேறு முனையில் பிடித்திருக்கிறார்கள். அந்த ஊசி வெறிநோய் வைரஸைத் தடுக்கும். நான் மேலே சொன்ன இரண்டு கிருமிகளை அது தொடக்கூடச் செய்யாது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை போய்க் குத்திக்கொண்டு வந்தவர், இடையில் காய்ச்சல் வந்தால், "அதான் ஊசி போட்டாச்சே, இது வேற" என்றுதான் நினைப்பார். தேவையில்லாத மருந்து தருகிற தைரியம் தேவையான மருந்தைத் தள்ளிப்போட வைத்துவிடும்.

அப்புறம் அந்த மஞ்சள். மஞ்சளின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் எலியின் பல்லை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மெல்லிய, நீண்ட உளி. மேலே புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். விரல் மூட்டின் மேல் கடித்தால் தசைநாண் உறை, மூட்டுவரை போகும். அந்தப் புள்ளியின் வாயை மஞ்சளாலோ, சுண்ணாம்பாலோ, காப்பித்தூளாலோ அடைத்தால் உள்ளே தள்ளப்பட்டதை உள்ளேயே பூட்டிவைக்கிறோம். சுண்ணாம்பு தோலையும் அரிக்கும். வாயால் உறிஞ்சித் துப்புவது இன்னும் மோசம். அந்த இரண்டு கிருமிகளில் ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். அமெரிக்காவின் ஹேவர்ஹில் என்ற ஊரில் 1926இல் காய்ச்சாத பால் வழியாக இதே நோய் பரவியது. அந்த ஊரின் பெயராலேயே நோயின் ஒரு வகை இன்றும் அழைக்கப்படுகிறது.

செய்ய வேண்டியது சோப்பும் ஓடுகிற தண்ணீரும். குழாயடியோ பம்புசெட்டோ, பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடம் என்பது சும்மா நனைத்துவிட்டு எடுக்கிற நேரமில்லை, கை மரத்துப்போகிற நேரம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழுவ வேண்டும். பிறகு கிருமிநாசினி, சுத்தமான துணி. அன்றோ மறுநாளோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி, கடைசியாகப் போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டது என்றே நினைவில்லையென்றாலோ. வயல் மண்ணோடு சேர்ந்த கடிக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. கையில், முகத்தில் ஆழமான கடியா, கடிபட்டவர் குழந்தையா, கர்ப்பிணியா, சர்க்கரை நோயாளியா, இதய வால்வில் கோளாறு உள்ளவரா என்பதைச் சொல்லி, முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். எல்லோருக்கும் எல்லாக் கடிக்கும் மாத்திரை கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு நிறுத்துவது எதற்கும் உதவாது.

கடித்தது எலிதானா என்ற கேள்வியை ‘எலிதானே’ என்ற சொல் கேட்கவே விடுவதில்லை. எலி வளைக்குள் எலி மட்டுமா இருக்கிறது? நல்ல பாம்பு எலியைத் தேடி அதே வளைக்குள் போகிறது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. எலியோ பூச்சியோ என்று திரும்பிப் படுத்தவர்கள் விடியும்போது கண் இமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சுக்குத் திணறிய கதை நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. கண்ணால் பார்க்காத எந்தக் கடியையும் எலிக்கடி என்று முடிவு கட்டக் கூடாது. இருட்டில் கடித்ததா, வளைக்குள் கைவிட்டபோது கடித்ததா, உடனே மருத்துவமனைக்குப் போய்க் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் பாம்பு நஞ்சிலிருந்துதான் நமக்குக் கிடைக்கும் முறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்த மருந்து மருத்துவமனையில் இருக்க, நாம் வீட்டில் எலி என்று சொல்லிக்கொண்டு படுத்திருப்பதா? கீரிக் கடியையும் எலிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது கொறிவிலங்கு அல்ல, வெறிநோயைக் கொண்டு வரக்கூடியது. அது கடித்தால் நாய்க்கடிக்கு உள்ள எல்லாமே அதற்கும் உண்டு. மூஞ்சூறுகூட எலி இனத்தில் சேராது. வேலூர்த் தோட்டப்பாளையத்தில் 1964இல் பிடித்த மூஞ்சூறு ஒன்றிலிருந்து பிரித்த வைரஸுக்கு அந்தப் பகுதியின் பெயரே இன்றுவரை நிலைத்திருக்கிறது. எலி போலத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன், அந்த வைரஸைக் கண்டு பயப்படுவதற்காக அல்ல.

‘எலிதானே’ என்ற சொல் மிகக் கொடூரமாக விழுவது கடி தெரியாதவர்கள் மேல்தான். 1914இல் பிறந்து, சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்து, 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்குவதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர். சிகிச்சையில் தேறிவந்த சிலருக்கு இரவோடு இரவாக விரல் குறைந்திருந்தது. நோய்தான் விரலைத் தின்கிறது என்று ஊரே நம்பியிருந்த காலம். இரவு விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது, எலி. உணர்ச்சி செத்த விரலை எலி கொறிக்கிறது, தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு பூனை ஒன்றையும் அனுப்பிவைத்தார்கள். இன்று அதே உணர்ச்சியற்ற கால் நம் வீடு வீடாக இருக்கிறது, சர்க்கரை நோயால். பாதம் மரத்துப்போன அம்மாவும் பெரியப்பாவும் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். காலையில் பெருவிரலில் ரத்தம் உறைந்திருக்கும். வலியில்லை என்பதால் காட்டமாட்டார்கள். கேட்டால் "எலி கொறிச்சிருக்கும் போல" என்பார்கள். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கிறவரை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும், தினமும் காலையில் பாதத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் இது பொருந்தும். பால் வாசனை ஒட்டிய விரலையும் உதட்டையும் எலி தேடி வரும். குழந்தையால் உதறவும் முடியாது, சொல்லவும் முடியாது.

வீணாகப் பீதியைக் கிளப்புகிறாய் என்று ஒரு நண்பர் என்னிடம் கோபித்துக்கொண்டார். பெரும்பாலான எலிக்கடிகள் ஒன்றும் செய்யாமலே ஆறிவிடுகின்றனவே என்றார். உண்மைதான், ஆறிவிடுகின்றன. எலி வெட்டியே பிழைத்தவர்கள் விரல் நிறையத் தழும்போடு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் நான் பயத்தைக் கேட்கவில்லை. ஒரு சோப்புக்கட்டி, கால் மணி நேரம், ஒரு ஊசி, மூன்று வாரம் ஞாபகம். ஆறிவிடுகிற கடிக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆறாத கடி எது என்பதோ முதல் நாள் யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதுதான் என் நண்பரின் வாதத்தில் எனக்கு உறுத்துவது.

மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ‘நாய்க்கடி ஊசி வேண்டாம்’ என்று சொல்லும்போது அதோடு இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். "மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு, நெறி கட்டுறது, எது வந்தாலும் திரும்பி வாங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் எலி கடிச்சதை முதல்ல சொல்லுங்க." அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். பெரிய கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். ஆனாலும் அந்த வாக்கியத்தைச் சொல்ல அரை நிமிடம் போதும். என் சித்தப்பாவுக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால் காய்ச்சல் வந்த முதல் நாளே அவர் சரியான இடத்தில் இருந்திருப்பார்.

இந்தச் சித்திரையில் சித்தியின் பேரனை அணில் கடித்துவிட்டது. கொய்யா மரத்தடியில் விழுந்துகிடந்த குட்டியைத் தூக்கப் போயிருக்கிறான். சித்தி யாரையும் கேட்கவில்லை. அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், கடிகாரத்தை எதிரே வைத்து, அவன் அழ அழக் கழுவினார். டெட்டனஸ் ஊசி போட்டதா என்று பார்க்க அவனுடைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். திரும்பி வந்ததும் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அந்தத் தேதிக்கு வட்டம் போட்டு, மேலே பேனாவால் ‘அணில்’ என்று எழுதினார். மூன்று வாரம் தள்ளி இன்னொரு வட்டம். இரவில் அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார். இரண்டாவது வட்டம் வந்த அன்று காலையில் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பேனாவை அதன் இடத்தில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போனார்.